செலாமாட் அக்கா

என் அத்தை சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் பண்ணி முடிப்பதற்குள் மரவள்ளிக் கிழங்கு ஆறிக் கட்டையாகிவிடும். மற்றவர்களைப் போல "இந்த நல்ல ஆகாரத்துக்காக நன்றி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட அவளால் முடியாது. அது பொய். ஜப்பான்காரன் காலத்தில் எங்களுக்குக் காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, ராத்திரி ஒரு மாறுதலுக்கு மரவள்ளி இலை. அதனால் அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு இப்படி ஆரம்பிப்பாள்: "ஆண்டவரே, இந்தக் கெழங்கு எனக்குப் புடிக்கல. தொண்டையில எறங்க மாட்டேங்கு. நேத்தும் இதத்தான் சொன்னேன். இருந்தாலும் குடுத்ததுக்கு ஸ்தோத்திரம். மீன் கெடைச்சா இன்னும் நல்லா ஸ்தோத்திரம் பண்ணுவேன். இது பேரம் இல்ல." அப்புறம் கொஞ்சம் யோசிப்பாள். "இல்ல ஆண்டவரே, கொஞ்சம் பேரந்தான்." நான் பசியோடு ஒரு கண்ணைத் திறந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவள் என் அப்பாவின் தங்கை. சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். மலாயாவில் சுங்காய்க்கும் பீடோருக்கும் நடுவில், காட்டை ஒட்டினாற்போல் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். அங்கே லயத்தில், தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளில், எங்கள் வீடும் அத்தை வீடும்தான் வேதக்காரர் வீடு. எனக்கு அப்போதுதான் கல்யாணமாகி, மனைவி பிள்ளை உண்டாகியிருந்தாள். அத்தை அடுத்த கதவு. நடுவில் ஒரு பலகைச் சுவர். நான் என் வீட்டில் தும்மினால் அவள் அங்கிருந்து "குடிச்சியாலே?" என்பாள்.

கள், சீட்டு, சினிமா, சுருட்டு, முகத்துக்கு மாவு பூசுவது எல்லாம் அவளுக்குப் பாவம். அதில் பாதிக்கு மேல் எனக்குப் பழக்கம். ஆனால் எல்லாப் பாவத்துக்கும் தலை பொய்தான். ஒரு பொய் போதும், கழுத்தில் அம்மிக்கல்லைக் கட்டி நேரே நரகத்தில் இறக்கிவிடும் என்பாள். அதனால் யாரும் அவளிடம் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்பதில்லை. பக்கத்து வீட்டு முனியம்மா ஆசையாகப் பெற்ற பிள்ளையைக் காட்டி "எப்படிக்கா இருக்கான்?" என்று கேட்டபோது, அத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சொகமா இருக்கான். மூக்குதான் அப்பன் மூக்கு, பாவம்" என்றாள். முனியம்மா ஒரு மாதம் பேசவில்லை. மூக்கின் சொந்தக்காரரான அவள் புருஷன் மட்டும் சிரித்துக்கொண்டே திரிந்தார்.

யாரைப் பார்த்தாலும் அத்தை முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "இரட்சிக்கப்பட்டாச்சா?" அதைக் கேட்ட பிறகுதான் மற்ற பேச்சு. ஆண்டவரிடம் அப்படி ஒரு பொருத்தனை பண்ணியிருந்தாள். தமிழர்களிடம் பிரச்சினை இல்லை. "இன்னும் இல்லக்கா, தீவாளி முடியட்டும்" என்று ஏதாவது சொல்லி நழுவுவார்கள். மலாய்க்காரர்களிடமும் சீனர்களிடமும் எப்படிக் கேட்பது? ஆற்றில் விழுந்தவனைக் கரையேற்றினால் அவன் 'செலாமாட்' ஆகிவிட்டான் என்று மலாயில் சொல்வதை எங்கோ கேட்டிருக்கிறாள். அதையே பிடித்துக்கொண்டாள். "சூடா செலாமாட்?" இரட்சிக்கப்பட்டாயிற்றா?

வம்பு என்னவென்றால், செலாமாட் என்பது வணக்கத்துக்கும் அதே சொல்தான். காலையில் செலாமாட், வழியனுப்பச் செலாமாட். இவள் கேட்டால் அவர்கள் வாய் நிறையச் சிரித்து "செலாமாட், செலாமாட்!" என்பார்கள். சுங்காய்ச் சந்தையில் இத்தனை பேர் இரட்சிக்கப்பட்டிருக்கிறார்களே என்று அத்தை முதலில் பூரித்துப்போனாள். மீன் விற்பவன் தராசைக் கட்டைவிரலால் அழுத்துவதைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது. "பெலும்! நீ பெலும் செலாமாட்!" என்று சந்தை நடுவில் நின்று கத்தினாள். பெலும் என்றால் இன்னும் இல்லை. அன்றிலிருந்து அவள் பெயரே செலாமாட் அக்கா ஆகிவிட்டது.

ஜப்பான்காரன் வந்ததும் காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், எல்லோரும் அவர்கள் சக்கரவர்த்தி இருக்கும் திசையைப் பார்த்துக் குனிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. அத்தை என்ன செய்யப்போகிறாளோ என்று எங்களுக்கு நடுக்கம். மனுஷனைக் கும்பிட மாட்டேன் என்று நிமிர்ந்து நின்றால் கன்னம் பழுத்துவிடும். அவளோ எல்லோரையும்விட அதிகமாகக் குனிந்தாள். எல்லோரும் நிமிர்ந்த பிறகும் குனிந்தபடியே இருந்தாள். வாய் வேறு முணுமுணுத்தது. அந்த ராஜா பாவம் இரட்சிக்கப்படாமல் இருக்கிறாரே என்று அவருக்காக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாளாம். காவல் நின்ற சிப்பாய் அவள் விசுவாசத்தைக் கண்டு உருகி, ஒரு பிடி சர்க்கரை கொடுத்தான். அத்தை கையை நீட்டவில்லை. "துவான், ராஜா பெலும் செலாமாட்" என்று விளக்க ஆரம்பித்தாள். ஐயா, உங்கள் ராஜா இன்னும் இரட்சிக்கப்படவில்லை. எங்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். பதறி ஓடிவந்து, சக்கரவர்த்திக்குச் செலாமாட் சொல்கிறாள் என்று திருத்திச் சிப்பாயை அனுப்பி வைத்தார். "அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வாயைத் திறக்காதேங்கோ" என்று அவளிடம் கெஞ்சினார். சர்க்கரையை அவரே வாங்கிக்கொண்டார்.

கோழி விஷயம் இப்படிச் சிரிப்பில் முடியவில்லை. சிப்பாய்கள் லயத்தில் கோழி பிடிக்க வந்தபோது முனியம்மா தன் கோழியைப் பானைக்குள் போட்டுக் கவிழ்த்துவிட்டாள். அத்தையிடம் வந்து, "ஆயாம் அடா?" என்று கோழி இருக்கிறதா எனக் கேட்டார்கள். அத்தை அழுதாள். அழுதுகொண்டே பானையைக் காட்டினாள். சாயங்காலம் தன் கோழியைக் கொண்டுபோய் முனியம்மா மடியில் வைத்து, "இத வச்சுக்க தாயி. என்கிட்ட எதையும் காட்டாதீங்க, தெரிஞ்சா சொல்லிருவேன்" என்றாள். அதற்குப் பிறகு அவளே எங்களுக்கு ஒத்தாசை பண்ண ஆரம்பித்தாள். யாராவது குசுகுசுவென்று பேசினால் காதைப் பொத்திக்கொண்டு கீர்த்தனை பாடுவாள். யாராவது மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் கண்ணை மூடிக்கொள்வாள். அப்படிக் கண்ணை மூடி நடந்து இரண்டு தரம் சாக்கடையில் விழுந்தாள்.

முனியம்மாதான் ஒருநாள் சொன்னாள்: "கோழி போனா வேற கோழி வரும் லா. ஆளைக் கேட்டு வந்தா இந்தக்கா என்ன செய்யும்?"

அது வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். பீடோர்ப் பக்கத்துத் தோட்டங்களில் சம்பளம், அரிசி, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்றெல்லாம் சொல்லி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தனும் திரும்பவில்லை. எங்கள் தோட்டத்துக்கு லாரி வரும் சேதி கிராணிக்குக் கிடைத்ததும், வாலிபர்களையெல்லாம் புகைக் கொட்டகையில் ஒளிந்துகொள்ளச் சொன்னார். முன்னே ரப்பர்த் தகடுகளைப் புகை போட்டு உலர்த்திய பெரிய பலகைக் கட்டடம் அது. ரப்பர் வாங்க ஆளில்லாமல் மூடிக் கிடந்தது. உள்ளே இருட்டு. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். என் பக்கத்தில் முனியம்மாவின் புருஷன். அத்தைக்கு ஒன்றும் தெரியக் கூடாது என்று அவளிடம் யாருமே சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டதுதான் தப்பாகப் போயிற்று. அத்தை தினமும் தனியாக ஜெபிக்கப் போகிற இடம் அந்தப் புகைக் கொட்டகைதான். கதவைத் திறந்தாள், சாத்தினாள், இருட்டில் முழங்கால் போட்டுக் கண்ணை மூடினாள். எனக்கு ஒரு முழம் தள்ளி.

"ஆண்டவரே, என் அண்ணன் மகன நெனச்சுப் பாரும். சீட்டாடுதான். குடிக்கான். சுருட்டை வாழை மரத்துக்குப் பின்னால போயிக் குடிச்சா எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கான். அவன் பொண்டாட்டி பாவம், நெறமாசம். அவன விட்டுராதேயும். எனக்கு வேற யாரு இருக்கா?"

இருட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையை அடக்கப் பார்த்துத் தும்மிவிட்டேன்.

அத்தை கண்ணைத் திறந்தாள். இருட்டு பழகப் பழக ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "ஐயையோ!" என்று வாயைப் பொத்தினாள். "பாத்துட்டேனே! எல்லாரையும் பாத்துட்டேனே!"

"அக்கா, நீயும் இங்கேயே குந்திக்க" என்றார் முனியம்மா புருஷன்.

"ஜப்பான்காரன் கதவைத் தட்டிக் கேட்டா இருக்கோம்னு சொல்லிருவேனே! நான் ஓடிருதேன். மரவள்ளிக் காட்டுல போயி விழுந்து கெடக்கேன். என்னையத் தேடாதீங்க."

வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு ஓடினாள். களத்தில் நேரே ஜப்பான் அதிகாரியின் மேலே போய் மோதினாள்.

பலகை இடுக்கு வழியாக நான் எல்லாவற்றையும் பார்த்தேன். லாரி பெரட்டுக் களத்தில் நின்றது. அதிகாரியோடு வந்தது ஒரு டிரைவரும் இரண்டே சிப்பாய்களும்தான். அதிகாரிக்கும் உள்ளூர உதறல்தான் என்று பிறகு கேள்விப்பட்டோம். தொப்பியில் மூன்று நட்சத்திரம் குத்திய காட்டுக்காரர்கள், ஜப்பான்காரனை எதிர்த்துக் காட்டுக்குள்ளிருந்து சண்டை போடுபவர்கள், அந்தப் பக்கம்தான் ஒளிந்திருந்தார்கள். முந்தின வாரம்கூட ஒரு லாரியை மடக்கியிருந்தார்கள்.

"ஆண்பிள்ளைகள் எங்கே?" என்று அதிகாரி மலாயில் அதட்டினார்.

அத்தை நடுங்கினாள். "சொல்றேன் துவான். முதலில் ஒன்று கேட்க வேண்டும்" என்றாள் தன் சந்தை மலாயில். பொருத்தனை ஆயிற்றே. "துவான் சூடா செலாமாட்?"

அதிகாரி முறைத்தார். வணக்கம் சொல்லுகிற நேரமா இது?

அத்தை அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு மனம் இளகிவிட்டது என்று இங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. "பெலும்" என்றாள் இரக்கமாக. "துவான் பெலும் செலாமாட். இன்று இரவே துவான் செத்தால், எங்கே போவீர்கள்?"

செலாமாட் என்றால் ஆபத்தில்லாமல் பத்திரமாக இருப்பதும்தான். 'நீ பத்திரமாக இல்லை, இன்று இரவே சாவாய்' என்று ஒரு கிழவி தோட்டத்து நடுவில் நின்று சொல்கிறாள். அதிகாரியின் கை இடுப்பிலிருந்த கத்திக்குப் போனது. "யார் சொன்னது?"

"மேலே இருக்கிறவர்" என்று அத்தை கையை உயர்த்தினாள். அவள் காட்டியது வானத்தை. கைக்கு நேரே இருந்தது காட்டு மலை. "அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்போதும் துவானைப் பார்க்கிறார்."

சிப்பாய்கள் இரண்டு பேரும் மலையைப் பார்த்துத் துப்பாக்கியைத் திருப்பினார்கள். அதிகாரியின் குரல் இறங்கிவிட்டது. "எத்தனை பேர்?"

இப்படி ஒரு கேள்வியை அத்தையிடம் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. முகம் மலர்ந்துவிட்டது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று விரல் விட்டாள். "தீகா" என்றாள். மூன்று. பிறகு, தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று, "ஆனால் மூன்றும் ஒன்றுதான்" என்று சேர்த்தாள்.

மூன்று என்ற சொல் காதில் விழுந்ததும் டிரைவர் லாரி எஞ்சினை முடுக்கிவிட்டான்.

"எப்போது வருவார்கள்?" என்றார் அதிகாரி.

"அது யாருக்கும் தெரியாது துவான். திருடன் மாதிரி வருவார்."

அதிகாரி லாரியில் ஏறியதை நான் சரியாகப் பார்க்கவில்லை, அவ்வளவு வேகம். அத்தை பின்னாலேயே ஓடினாள். "துவான்! எப்படிச் செலாமாட் ஆவதென்று கேட்காமல் போகிறீர்களே! துவான்!"

நாங்கள் வெளியே வந்து அவளைத் தூக்காத குறையாகக் கொண்டாடினோம். முனியம்மா அவள் காலிலேயே விழுந்தாள். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. "எப்படி நடுங்குனாரு பாத்தீங்களா? ஆவியானவர் அவர்கிட்ட பேசிட்டாரு. இரட்சிப்புக்கு ரொம்பக் கிட்ட வந்துட்டாரு, பாவம்" என்றாள். கிராணிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "அம்மா, நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு உங்களுக்கு விளங்கேல்லையோ? காட்டுக்காரர் வந்து சுடப் போயினம் எண்டெல்லோ அந்த மனுசன் நினைச்சு ஓடுறான்!"

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ நான் பொய் சொல்லிட்டேனா?" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் வெள்ளைச் சேலை கட்டி, வேதப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுங்காய் ரோட்டில் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான் பின்னால் ஓடினேன்.

"எங்க அத்தே?"

"அந்தத் துவானப் பாத்து வெவரம் சொல்லிட்டு வந்துருதேன். நான் சொன்னது அத்தனையும் சத்தியம்லே. ஆனா அவர் மனசுல இருக்கது பொய்யி. போட்டவ நாந்தான? அதோட, ஆம்பளைங்க எங்கன்னு கேட்டாரு, சொல்றேன்னேன், சொல்லல."

"சொன்னா லாரி திரும்ப வரும்."

"வரும்."

"என்னையும் ஏத்திருவான்."

அவள் நடையை நிறுத்தவில்லை. எனக்கு ஆத்திரமும் பயமும் சேர்ந்து வந்தன. "சயாமுக்குப் போனவன் ஒருத்தனும் வரல அத்தே! நான் அங்க செத்தா எங்க போவேன்? நீங்களே சொல்லுங்க."

"நரகத்துக்கு" என்றாள் உடனே. சொன்ன பிறகுதான் நின்றாள்.

"அப்போ என்னை நரகத்துக்கு அனுப்பப் போறது நீங்கதானே?"

அத்தை ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தாள். எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் அவள் லேசில் விடுகிறவள் அல்ல. "முழங்கால் போடுலே" என்றாள். "இப்பவே இங்கயே மனந்திரும்பு. அப்புறம் நான் போறேன்."

"மாட்டேன்."

"ஒரு நிமிச வேலைலே."

"மாட்டேன் அத்தே!" என் பாவங்களை அவ்வளவு உறுதியாக நான் பிடித்துக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான்.

கடைசியில் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். நான் மட்டுமா, புகைக் கொட்டகையில் இருந்த ஒருத்தனும் இன்னும் இரட்சிக்கப்படவில்லை. எல்லோரும் இரட்சிக்கப்படட்டும், அப்புறம் சுங்காய்க்குப் போகலாம் என்று திரும்பிவிட்டாள்.

இந்தச் சேதி லயத்தில் பரவியதும், யாரும் இரட்சிக்கப்படக் கூடாது என்று ஒரே கட்டுப்பாடாகிவிட்டது. அத்தை வீடு வீடாக வந்து பிரசங்கம் பண்ணினாள். கேட்க மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை, அவள் மேல் அவ்வளவு மரியாதை. ஆனால் ஒருத்தனும் அசையவில்லை. ஒருநாள் முனியம்மாவின் புருஷன் அவள் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கண்கலங்கிவிட்டார். முனியம்மா ஓடிவந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "யோவ், சண்டை முடியிற வரைக்கும் மனசைக் கல்லாக்கிக்க லா! இரட்சிக்கப்பட்டே, தொலைஞ்சே!" அவர் எழுந்து போய் முன்ஜாக்கிரதையாக ஒரு மரத்துக் கள் குடித்துவிட்டு வந்தார்.

அப்படியே மாதங்கள் ஓடின. லாரி திரும்ப வரவே இல்லை. இதற்குள் எனக்குப் பெண் பிறந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை எங்கள் வீட்டில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கிழங்குத் தட்டுக்கு முன்னால் ஜெபித்தாள்.

"ஆண்டவரே, இவங்கெல்லாம் இரட்சிக்கப்படட்டும், அப்புறம் போறேன்னு உம்மகிட்ட சொல்லிட்டிருந்தேன். அது பொய்யி. நாளைக்கே எல்லாரும் இரட்சிக்கப்பட்டாலும் நான் போக மாட்டேன். இது பாவம்னு தெரியும். மன்னிப்புக் கேக்கணும்னா மொதல்ல வருத்தப்படணும். எனக்கு வருத்தம் வரல. நல்லாத் தேடிப் பாத்துட்டேன். இல்ல."

நான் அன்று கண்ணைத் திறக்கவில்லை. கிழங்கு ஆறினால் ஆறட்டும் என்றிருந்தேன்.

சண்டை முடிந்தது. சுங்காயில் மறுபடியும் வேதக்கோயில் திறந்தார்கள். எல்லோரும் திருவிருந்துக்கு எழுந்து போனால் அத்தை மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். மனந்திரும்பாத பாவம் உள்ளவர்கள் அப்பத்தையும் ரசத்தையும் தொடக்கூடாதே. ஊரில் கண்டபடி பேசினார்கள். அந்தம்மா புருஷனுக்கு விஷம் வைத்தவள் என்றுகூட ஒரு பேச்சு. அத்தை அதைக் கண்டுகொள்ளவில்லை. அவள் கவலையெல்லாம் எப்படியாவது வருத்தப்பட்டுவிட வேண்டும் என்பதுதான். நான் குடித்துவிட்டு வந்து கலாட்டா பண்ணினால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நம்பிக்கையோடு சொல்வாள்: "ஏலே, இன்னைக்கு லேசா வருத்தம் வார மாதிரி இருக்கு." காலையில் என் பெண் தத்தித் தத்தி அவள் வீட்டுக்குப் போய் நிற்கும். வந்த வருத்தம் போய்விடும். பிறகு ஒருநாள் நானும் குடியை விட்டு, கோயிலில் முழங்கால் போட்டேன். ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு, "இனிமே எனக்கு எங்கலே வருத்தம் வரப் போவுது" என்றாள்.

பல வருஷம் கழித்து, கடைசியில் பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். புதிதாக வந்த போதகர், சின்ன வயதுக்காரர், அப்பமும் ரசமும் கொண்டுவந்து கட்டிலோரம் நின்றார். முறைப்படி கேட்டார்.

"அம்மா, செஞ்ச பாவத்துக்கெல்லாம் மனசார வருத்தப்படுறீங்களா?"

"ஒண்ணைத் தவிர, ஐயா."

போதகர் திகைத்தார். "அது என்ன பாவம்?"

அவளுக்குக் கையைத் தூக்க முடியவில்லை. மோவாயால் என்னைக் காட்டினாள். "அதோ, கஞ்சியோட நிக்கானே. அவனச் சாகக் குடுக்கலை."

போதகர் என்னைப் பார்த்தார். என் வழுக்கையை, தொந்தியை, பின்னால் நின்ற என் மனைவியை, ஜன்னலோரம் சண்டை போட்டுக்கொண்டிருந்த என் பிள்ளைகளைப் பார்த்தார். கதையை அவருக்கு நான்தான் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்போ உங்களுக்குப் பதிலா அவரையே வருத்தப்படச் சொல்லலாமா அம்மா?" என்றார்.

"அவன் வருத்தப்பட்டா கொன்னுருவேன்" என்றாள் அத்தை.

போதகர் அப்பத்தைப் பிட்டு நீட்டினார். அத்தை அவரை ஒரு தரம் சந்தேகமாகப் பார்த்தாள், என்னை ஒரு தரம் பார்த்தாள், பிறகு வாயைத் திறந்தாள். எனக்குக் கையிலிருந்த கஞ்சியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.